கிணற்றடிப் பாத்தியில் லெட்டூஸ்

ஆழ்வார்திருநகரியை அடுத்த அந்த வீட்டில், கிணற்றடிப் பாத்தி யாருக்கு என்பதை லெட்டூஸ் என்ற சாலட் கீரைதான் தீர்மானிக்கவிருந்தது. பொங்கலன்று கசக்காத இலை தட்டுக்கு வந்தால் பாத்தி மருமகள் கலைச்செல்விக்கு. தவறினால் மாமியார் இசக்கித்தாயின் கத்தரிக்கு. திருமணமாகி வந்த நாளிலிருந்து அவ்வீட்டில் தன் விருப்பப்படி ஒரு காரியமும் நடக்கவில்லை என்பதால், கலைச்செல்வி இதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கார்த்திகைத் தொடக்கத்தில், நெல் விவசாயியான மாமனார் சுடலையாண்டி ஆர்வத்தோடு உதவ வந்தார். விதைநெல்லுக்குச் செய்வதையே இதற்கும் செய்தார்: எள் போலிருந்த விதையில் பாதியை ஊறவைத்து, துணியில் இறுகக் கட்டி, வைக்கோலுக்குள் புதைத்து, மேலே கல்லேற்றினார். அந்த வெம்மையில் நெல் முளைத்துவிடும். லெட்டூஸ் விதை ஒன்றுகூட முளைக்கவில்லை.

“என்ன மதினி, பொங்கலுக்கு எள்ளுருண்டையா?” என்றான் கொழுந்தன் கண்ணன்.

“சிரிக்காதலே. சூடு பத்தல. இன்னொரு கல்லு வைப்போம்” என்றார் சுடலையாண்டி.

“போதும் மாமா. இனி தாளிக்கதுதான் பாக்கி.”

நெல்லை எழுப்பும் சூடு இக்குளிர்நாட்டு விதையை உறங்க வைத்திருக்குமோ என்ற ஐயம் அவளுக்குள் எழுந்தது. மீதி விதையை ஈரத்துணியில் பொதிந்து, ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“ஏளா, இங்கன என்ன அழுக்குத் துணி?” என்றாள் இசக்கித்தாய்.

“அது பிள்ளத்தாச்சி அத்தை. உள்ள வெதை இருக்கு, பாத்து பைய எடுங்க.”

சில நாள் கழித்துப் பொதியைத் தண்ணீர்ப் பானையின் நிழலுக்கு மாற்றினாள். விதைகள் வெண்முளை நீட்டின. அவற்றை மண்மேல் தூவி, தென்னங்கீற்றால் நிழல் கட்டினாள். மார்கழி முழுவதும் வெயில் சாயச் சாயக் கீற்றையும் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

பொங்கலன்று இசக்கித்தாய் ஓர் இலையைக் கிள்ளி, உப்புகூடத் தொடாமல் மென்றாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தனர்.

“கசக்குதா? சொல்லும்மா, கத்தரி நாத்து காத்துக் கெடக்கு” என்று கண்ணன் தூண்டினான்.

அவள் இரண்டாவது இலையை எடுத்தாள். பின் மூன்றாவதை.

“ருசின்னு ஒண்ணுமில்ல. கசப்பும் இல்ல. ஆனா கடிக்க கடிக்க விட மாட்டேங்குது” என்றாள். “பாத்தி ஒனக்குத்தாம்ளா.”

“பக்கத்துப் பாத்தியும் வேணும் அத்தை. நீங்க திங்கிற வேகத்துக்கு இது பத்தாது.”

கண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். இசக்கித்தாய் வாய் நிறைய இலையோடு சரியென்று தலையை ஆட்டினாள்.

கலைச்செல்வி மண்வெட்டியை எடுத்து, இரு பாத்திகளுக்கும் நடுவே நின்ற வரப்பை வெட்டிச் சமனாக்கினாள்.