கடைக்காரரின் ரத்தத்தில் சூடு

மெஹர்னிசாம்மா மீது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். வெறும் வயிற்றோடு வரச்சொல்லிப் படித்துப் படித்துச் சொல்லியும், புருஷனுக்கு இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் கொடுத்துத்தான் கூட்டி வந்திருந்தார்.

அது இரண்டாயிரத்து ஏழு. மறதி நோய்க்காரர்களின் ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் கூடுகின்றனவா என்று திருவள்ளூரில் எங்கள் டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க அதே வீட்டில் நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். ரத்தம் எடுப்பது என் வேலை. அழற்சி, ஆக்சிஜனேற்றம் என்று விளக்கி மாளாது என்று, ரத்தத்தில் சூடு இருக்கிறதா பார்க்கிறோம் என்று சொல்லிவைத்தேன். சூடு என்றால் நம் ஜனங்கள் குளிர்ச்சி கொடுக்காமல் விடுவார்களா?

மறுவாரம் இருவரும் பட்டினியாக வந்தார்கள். மறதி நோய் வந்த அவர் புருஷன் ஷாஹுல் பாய், மணவாள நகரில் துணிக்கடை வைத்திருந்தவர். ஊசியைக் கண்டதும் திமிறினார். அந்தம்மா சட்டென்று வாடிக்கையாளர் ஆகிவிட்டார்.

"கடைக்காரரே, இந்தச் சேல இன்னா விலை?"

அவர் முந்தானையைத் தடவி விலை சொல்லக் கையை நீட்டினார். நான் ஊசியைப் போட்டேன். என் சர்வீஸில் அப்படியொரு சாமர்த்தியத்தைப் பார்த்ததில்லை.

முடிவு வந்தது. அவருக்கு அழற்சி கூடுதல், எதிர்பார்த்ததுதான். அந்தம்மாவுக்கு அதைவிடப் பல மடங்கு. ஒப்பீட்டுக்கு ஆகாது, உடம்பில் எங்கோ சீழ் இருக்கிறது, கூப்பிட்டுப் பார் என்றார் டாக்டர்.

காய்ச்சல் இல்லை, பல்வலி இல்லை என்று அந்தம்மா மழுப்பினார். நான் விடவில்லை. கடைசியில் ஊசி போடாத கைப்பக்கம் முழுக்கை ரவிக்கையை மேலே ஏற்றினார். பல் பதிந்த இடம் வீங்கிப் பழுத்திருந்தது.

"என்னெ ஒரு வார்த்த கடிஞ்சி பேசாத மனுசன்மா. சூடுன்னியா, கோவத்தத்தான் பாக்குறீங்கன்னு நெனச்சிக்கினேன். கோவக்காரருன்னு எழுதிடாதம்மா."

இளநீர் அவர் உடம்புக்கு இல்லை, அவர் பேருக்கு என்று அப்போதுதான் புரிந்தது. அந்தம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. காயத்தைக் கழுவினேன்.

கூட வந்திருந்த ஷாஹுல் பாய் எட்டிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"யாரும்மா கடிச்சது?"

"தெருநாயி. நீங்கதான் வெரட்டி உட்டீங்களே, கடைக்காரரே."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இனிமேல் அது இந்தப் பக்கம் வராது என்றார்.