ஓரத்து நூல்

ஓரத்திலிருந்துதான் நூலை எடுத்திருக்கிறாள், வேறெங்கிருந்தும் இல்லை, மடித்துத் தைத்த ஓரத்தின் உள்பக்கத்திலிருந்து, வெளியே தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்து... பதினான்கு வருஷமாக நூலை எரித்துப் பிழைக்கிறவள், துணி நூல் எது தையல் நூல் எது என்று தெரியாமலா போனாள்? பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மடியிலிருந்த தலையணை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு விரற்கடை அளவுக்குத் தையல் விட்டிருந்தது, செவ்வாய்க்கிழமை அவள் பிரித்த இடம். அந்த ஒரு விரற்கடைக்காக அக்காவின் நானூறு உறைகளும் திரும்பிப் போய்விட்டன. ஒன்றுவிட்டதோ தூரத்து உறவோ இல்லை, கூடப்பிறந்த அக்கா, ஏழு வயது மூத்தவள், ஆறு தறியும் மூன்று தையல் மெஷினுமாகப் பட்டறை நடத்துகிறவள். சோதனைத் தாளில் 'கலப்பு உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது பேனா கொஞ்சமாவது நின்றதா? இல்லை. நிற்காததில் அவளுக்கு ஒரு பெருமை கூட இருந்தது, அதை இப்போது நினைத்தால் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. நாளைக் காலை பதினொரு மணிக்குக் கலப்படக்காரர்களின் பட்டியல் கம்பெனியில் மேலே போகும், போனால் ஒரு வருஷத்துக்கு அக்காவின் துணியை யாரும் தொட மாட்டார்கள், அதைத் தடுக்க வேண்டுமென்றால் 'தவறு என்னுடையது' என்று ஒரு வரி எழுத வேண்டும், பதினான்கு வருஷத்தில் அவள் ஒருமுறை கூட எழுதாத வரி.

வேலை என்னவோ சுலபம்தான், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கம்பெனி விற்பது பெட்ஷீட்டும் தலையணை உறையும், அத்தனையும் பூச்சிமருந்து படாத பருத்தி என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள், அந்த அட்டை பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு. எந்த வயலில் விளைந்தது, எந்த ஆலையில் கொட்டை நீக்கினார்கள், எந்த மில்லில் நூலாக்கினார்கள் என்று ஒவ்வொரு சரக்கோடும் ஒரு கட்டுக் காகிதம் வரும். மருந்து படாத பருத்தியா என்பதைக் காகிதம் சொல்லும், முதலில் அது பருத்திதானா என்பதைத் தீ சொல்லும். துணியின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டி, நீளத்தில் ஒரு நூல், அகலத்தில் ஒரு நூல் உருவி, தீக்குச்சியைக் காட்டுவாள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, ஊதினால் பறந்துபோகிற சாம்பல். பாலியஸ்டர் என்றால் சுருண்டு உருகி, மிளகு மாதிரி ஒரு கறுப்பு உருண்டை, நகத்தால் அழுத்தினாலும் உடையாது. வீட்டுக்காரர் அவளுக்கு வைத்த பெயரே தீக்குச்சிதான், கல்யாணப் புடவையைக் கூட ஒரு நூல் எரித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டினாள் என்று இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், மனுஷனுக்கு வேறு வேலை இல்லை... அப்படிப்பட்டவள் செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் நடுவில் வெட்டவில்லை?

ஏனென்றால் மற்றவர்கள் சோதனைக்குத் துண்டுத்துணி அனுப்புவார்கள், அக்கா அப்படியே தைத்து முடித்த உறையை அனுப்பியிருந்தாள், துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்து. கம்பெனிக்கு அவள் அனுப்புகிற முதல் சரக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இவள்தானே போய் நின்று, அக்கா, கலப்பு நூல் ஓட்டினது போதும், நல்ல பருத்திக்கு மாறிடு, இனி அதுக்குத்தான் காலம் என்று பாடம் நடத்தினாள்? அக்கா மாறினாள், நூல் அடிக்கடி அறுந்து தறி நின்று நின்று ஓடியது, பழைய வியாபாரிகள் இரண்டு பேர் கைகழுவினார்கள், எதையும் இவளிடம் சொல்லவில்லை. அந்த உறையின் நடுவில் கத்தரியை வைத்தவளுக்கு வெட்ட மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஓரத்தைப் பிரித்து உள்ளேயிருந்து ஒரு நூலை இழுத்தாள், எரித்தாள், கறுப்பு உருண்டை விழுந்தது. துணி நூலைவிட முறுக்கு கூடுதலாக இருந்ததே, விரலுக்குத் தெரிந்திருக்குமே... விரல் சொல்லியிருக்கும், இவள் காதில் வாங்கவில்லை. சந்தேகம் என்றால் லேபுக்கு அனுப்பலாம், அனுப்பவில்லை, அக்கா சரக்கென்று இரண்டாவது தடவை பார்க்கிறாள் என்று யாராவது வாயைத் திறந்துவிடுவார்களாம். வேறு யாருடைய சரக்காக இருந்தாலும் நடுவில் வெட்டியிருப்பாள், வேறு யாருடையதாக இருந்தாலும் லேபுக்கும் அனுப்பியிருப்பாள். பாசத்தில் ஒரு தப்பு, பாசமில்லை என்று காட்டுவதற்கு இன்னொரு தப்பு.

இன்று காலை மகளின் யூனிஃபார்ம் பாவாடையின் ஓரத்தைப் பிரித்து நீளம் கூட்டினாள், பெண் மாதத்துக்கு ஒரு விரல் வளர்கிறது, பிரித்த தையல் நூலைப் பழக்கதோஷத்தில் அடுப்பில் காட்டியபோது சுருண்டு உருண்டை விழுந்தது, அசல் பருத்திப் பாவாடைதானே என்று நினைத்தவளுக்கு அப்புறம்தான் செவ்வாய்க்கிழமை எரித்த நூல் நினைவுக்கு வந்தது. ஆபீஸுக்கு ஓடி, அலமாரியில் சாட்சிக்கு வைத்திருந்த இந்த உறையை எடுத்து, நடுவில் வெட்டி, ஒன்றல்ல ஆறு நூல் எரித்தாள், ஆறும் சாம்பல், ஊதுவதற்கு முன்பே பறந்தது. தையல் நூல் எதுவாக இருந்தாலும் கம்பெனி கேட்பதே இல்லை, விதியிலேயே அதற்கு விலக்கு இருக்கிறது, அந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இவள்தான்! மேனேஜரிடம் தலைவலி என்று அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

சரி, தப்பு விரலில் நடந்தது, ஒத்துக்கொள்ளலாம். மனசு ஏன் உடனே நம்பியது? அக்கா கலந்திருப்பாள் என்று ஒரு நிமிஷம் கூடத் தயங்காமல் எப்படி நம்பினாள்? பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது, பக்கத்து இருக்கைக்காரர் தூக்கத்திலேயே அவள் தோளில் சாய்ந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி தூங்கினார். அக்கா பொய் சொல்கிறவள்தான், அதுதான் காரணமாக இருக்கும்... எனக்குப் பசிக்கல, நீ சாப்பிடு என்பாள், பொய். இந்த மழைக்கோட்டு எனக்குச் சின்னதாப் போச்சு, நீ போட்டுக்க என்பாள், பொய், நனைந்துகொண்டு வருவாள். அப்பாவிடம் கண்ணாடி ஜாடியை நான்தான் உடைத்தேன் என்றாள், அதுவும் பொய், உடைத்தது யார் என்று ஜாடிக்குத் தெரியும். அத்தனையும் சேர்த்து இவள் மனசு ஒரு ஓரத்தில் 'அக்கா உள்ளதைச் சொல்ல மாட்டாள்' என்று எழுதிவைத்துக்கொண்டதா, யாருக்காகச் சொன்ன பொய் என்பதை மட்டும் மறந்துவிட்டு? போனில் விஷயத்தைச் சொன்னபோது அக்கா சண்டை போட்டிருக்கலாம், நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "சரி" என்றாள். ஒரே ஒரு சரி, அப்புறம், "பாப்பாவுக்கு இருமல் நின்னுதா?"

அக்காவை விட நூலைப் பற்றி இவளுக்கு அதிகம் தெரியும் என்ற எண்ணமும் கூடவே இருந்ததே, அது எங்கே தொடங்கியது? ஐந்தாம் வகுப்பில், ஒரு கைக்குட்டையில். கைவேலைப் போட்டியில் முதல் பரிசு. முந்தின சாயங்காலம் தைத்து முடித்தபோது தையல் குடிகாரன் நடை மாதிரிதான் போயிருந்தது, காலையில் பையில் வைக்கும்போது பார்த்தால் எறும்பு வரிசை மாதிரி நேராக இருந்தது, அக்கா இஸ்திரி போட்டதில் நேராகிவிட்டது என்று நினைத்தாள். இஸ்திரி போட்டால் தையல் நேராகுமா? பத்து வயதில் ஆகும். மூலைக்கு மூலை இரட்டைத் தையல் போட்டிருக்கியே, யாரு சொல்லிக்கொடுத்தா என்று டீச்சர் கேட்டபோது, இரட்டைத் தையல் என்றால் என்னவென்றே தெரியாமல் நின்றாள், பேசாமல் நின்றதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு டீச்சர் கைதட்டச் சொன்னார்... இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது, கண்டக்டர் இரண்டு தடவை கத்தியிருக்கிறார்.

பட்டறையில் தறிச்சத்தம் இல்லை. அந்தச் சத்தம் கேட்காததில் கால் தயங்கியது. தறிகளெல்லாம் நின்றிருக்க, தையல் மெஷின்களின் பக்கம் மட்டும் விளக்கு எரிந்தது, அக்காவும் தையல்காரப் பெண்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பிரித்த குவியல், ஒரு பக்கம் பிரிக்காத குவியல், நடுவில் குப்பையாக இழுத்துப்போட்ட நூல். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தாள், "வா, சாப்பிட்டியா? ஏன் முகம் இப்படி வாடிக்கிடக்கு?" சொல்ல வேண்டியதை வழி முழுக்க அடுக்கி வைத்திருந்தாள், வாசலில் அத்தனையும் கொட்டிப்போயிற்று, "அக்கா, நூல் ஓரத்துலேர்ந்து எடுத்துட்டேன்" என்பது மட்டும்தான் வந்தது.

"தெரியும்" என்றாள் அக்கா.

திரும்பி வந்த பெட்டியில் இவள் எழுதிய தாளைக் குண்டூசியில் குத்தியிருந்தார்களாம், கூடவே எரித்த மிச்ச நூல், சின்னக் கவரில். பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். "தெரு முனைக் கடையில நானே வாங்கின தையல் நூல், எனக்குத் தெரியாதா?" என்றாள், விரல் பிரிப்பதை நிறுத்தவில்லை. ஏன் சொல்லவில்லை, அப்போதே ஒரு போன் போட்டிருக்கலாமே, ஏன்க்கா இப்படிப் பண்றே என்று இவள் கேட்டது கோபம் மாதிரிதான் கேட்டிருக்கும், கோபம் இல்லை. அக்கா ஒரு உறையை உதறி மடித்து வைத்தாள். "நான் சொல்லி, நீ மாத்தி எழுதினா, அக்கா சொன்னதால மாத்திட்டான்னுதானே பேசுவாங்க? உன் பேரு கெடணுமா? பருத்தித் தையல் நூல் வாங்கிட்டேன், முந்தாநாள்லேர்ந்து பிரிச்சுத் தைக்கிறோம், நூத்தி எழுபது முடிஞ்சுது. பட்டியல் போறதுக்குள்ள மறுபடி சோதனைக்கு அனுப்பிடலாம்னு பாக்குறேன், திருத்தி அனுப்பிட்டாங்கன்னு நீ எழுதிடு." கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள், "நீ மறுபடியும் ஓரத்துலேயே எடுத்தாலும் இந்தத் தடவை எரியும்டி, உருகாது."

அதைக் கேட்டு அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள், கொட்டிக்கிடந்த நூல் குப்பையின் மேலேயே. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தப்பைத் திருத்தாமல், தப்பு சரியாகப் போகிற மாதிரி நானூறு உறையையும் மாற்றித் தைக்கிற மனுஷியை என்ன செய்வது? கண் நிறைந்து எதிரிலிருந்த குவியல் கலங்கித் தெரிந்தது. திருத்தி அனுப்பினார்கள் என்று எழுதினால் இவள் பெயர் தப்பும், அக்கா கலந்தாள் என்பது மட்டும் காகிதத்தில் காலத்துக்கும் நிற்கும். அந்தக் காகிதக் கட்டு வயலிலிருந்து தொடங்கி அத்தனை பேர் உண்மை சொல்லி வந்தது, கடைசித் தாளில் இவளா பொய் எழுதுவது? போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டாள், அக்கா கையை நீட்டித் தடுத்தாள், இவள் நகர்ந்து உட்கார்ந்தாள். "தலைவலின்னு போனீங்களேம்மா?" "தலைவலிதான் சார், ஆனா அது நானே வரவழைச்சது. நானூறு உறை, கலப்பு இல்ல சார். நான் தையல் நூலை எரிச்சுட்டேன். தப்பு என்னோடது." "எழுத்துல தரணும்மா." "தரேன் சார்." "அப்படின்னா... இதுக்கு முன்னாடி நீங்க திருப்பி அனுப்பினதெல்லாம்?" நாளைக்கு வந்து பேசுறேன் சார் என்று மட்டும் சொன்னாள்.

"பைத்தியக்காரி" என்றாள் அக்கா, குரலில் திட்டு பாதி கூட இல்லை. முடிந்த நூற்றெழுபது போக, மீதியில் பிரிக்காததை இனிப் பிரிக்க வேண்டாம், பிரித்துப் போட்டதை மட்டும் தைத்தால் போதும், பெண்கள் இரண்டு பேரும் எழுந்து மெஷினுக்குப் போனார்கள். மெஷின் ஓட்டிய உறைகளை அக்கா வாங்கி, மூலைகளை மட்டும் கையால் தைத்து முடித்தாள், அது அவள் வழக்கம், மெஷின் மூலையில ஏமாத்தும் என்பாள். இவளும் ஒரு ஊசி கோத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள், இரண்டு பேருக்கும் முழங்கால் இடித்தது, நகரவில்லை. அக்காவின் ஊசி மூலைக்கு வந்ததும் நின்றது, ஒரு தையல் பின்னால் போனது, மறுபடி அதே இடத்தில் இறங்கி, மறுபடி வந்தது. இரட்டைத் தையல், இவள் கை நின்றுவிட்டது. "அக்கா, அஞ்சாம் கிளாஸ்ல எனக்குப் பரிசு வாங்கிக் கொடுத்துச்சே ஒரு கைக்குட்டை..."

"எந்தக் கைக்குட்டை?" என்றாள் அக்கா. கேள்வி முடிவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது பதில், தலையும் நிமிரவில்லை. பல்லால் நூலைக் கடித்து அறுத்து, அடுத்த உறையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள், காதோரம் மட்டும் லேசாகச் சிரிப்பு மாதிரி ஏதோ அசைந்தது, அல்லது அசைந்தது கண்ணாடிக் காம்புதானா... அக்காவைக் கேட்டு என்ன ஆகப்போகிறது, அவள் பொய்தான் சொல்வாள். கேட்க வேண்டியது வேறொருத்தியை அல்லவா, டீச்சர் கேட்டபோது வாயைத் திறக்காமல் நின்ற அந்தப் பத்து வயதுக்காரியை. அவளுக்கு நிஜமாகவே தெரியாதா? பையில் வைக்கும்போது மூலையை விரலால் தடவினாளே, நூல் அங்கே தடிப்பாக இருந்ததே, விரல் சொல்லியிருக்குமே... "ஊசியைப் பிடிச்சுக்கிட்டு என்னடி யோசனை, தை" என்றாள் அக்கா. தைத்தாள். மூலை வந்ததும் ஊசியை ஒரு தையல் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தாள், கோணலாகத்தான் வந்தது, அதை அப்படியே அக்காவின் பக்கம் நகர்த்தி வைத்தாள், அப்புறம், இதையும் அக்கா சத்தமில்லாமல் நேராக்கிவிடுவாள் என்று நினைத்தாளோ என்னவோ, கை நீட்டித் திரும்ப எடுத்துக்கொண்டாள்.