எதையும் பெரிதாக்காத ஸ்கோப்

ஆர்வில் கையில் வைத்திருந்த ஸ்கோப் எதையும் பெரிதாக்காது. அதற்குத்தான் முந்நூற்று எண்பது டாலர்.

குழல் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இடித்துச் சுடும் துப்பாக்கிக்கு, உள்ளதை உள்ள அளவிலேயே காட்டும் ஸ்கோப்பைத்தான் குறிபார்க்கப் பூட்டலாம் என்று அமெரிக்காவின் யூட்டாவில் சட்டம். மானுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். டெவானின் கடையில் அப்படி மூன்று ஸ்கோப்புகள் இருந்தன.

"சுவத்தைப் பாருங்க பிரதர்," என்றான் டெவான். "எப்படி இருக்கு?"

"சுவரு மாதிரி இருக்கு."

"இப்ப இதுல பாருங்க. இன்னும் சுத்தமா சுவரு மாதிரியே இருக்கும்."

ஆர்வில் பார்த்தார். மூன்றிலும் ஒரே பால்வெள்ளைதான். சுவரும் வெள்ளை என்பதால் பதில் சொல்வது எளிதாக இருந்தது.

மூன்று ஆண்டுகளாக அவருடைய வலது கண் இப்படித்தான். யாரிடமும் சொல்லவில்லை. இரும்புக் குறிமுள் சரியில்லை, துப்பாக்கி பழசு என்று சொல்லிவந்தார். சாதாரண மானுக்குச் சீட்டு ஆண்டுதோறும் கிடைத்துவிடும்; பெரிய எல்க் மானுக்கோ பதினேழு ஆண்டுகள் குலுக்கலுக்கு எழுதிப்போட்டு இந்த ஆண்டுதான் அனுமதிச் சீட்டு வந்திருக்கிறது. வயது அறுபத்து மூன்று. இன்னொன்று வரும்வரை இருப்போமா என்பது நிச்சயமில்லை. கண் விஷயம் தெரிந்தால், கடைக்குக் கூடவே வந்திருக்கும் மனைவி நோர்டா சீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுவாள். நல்ல ஸ்கோப் ஒன்று கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

நோர்டாவோடு வந்திருந்த அவள் தம்பி லமாண்ட், ஆர்வில் தேர்ந்தெடுத்ததை வாங்கிக் கண்ணில் வைத்தான். வேட்டைக்குப் போனால் புதரைக் கலைத்து மானைக் கிளப்புவது அவன்தான்.

"மச்சான், இது லேசா பெருசு பண்ணுது."

"பண்ணாது," என்றான் டெவான்.

"பண்ணுதுப்பா. வேட்டையைக் கண்காணிக்கிற வார்டன் கையில மாட்டினா துப்பாக்கியும் போச்சு, சீட்டும் போச்சு."

வாக்குவாதம் பன்னிரண்டு நிமிடம் நடந்தது. கடைசியில் டெவான் சுவரில் மாட்டியிருந்த, பாடம் செய்த எல்க் தலையைக் கழற்றினான். வெளியே வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில் தீவன மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் தலையை வைத்து, பக்கத்தில் லமாண்டை நிறுத்தினான். எல்க்கும் பழுப்பு, லமாண்டின் கோட்டும் பழுப்பு. அளவு தெரிந்த இரண்டு பொருள்கள் இருந்தால் ஏமாற முடியாது என்பது அவன் கணக்கு.

முதலில் நோர்டா பார்த்தாள். ஒரு கண்ணால், பிறகு இரண்டு கண்ணாலும்.

"அதே சைசுதான்," என்றாள். "அம்பத்தெட்டு வருஷமா இவனைப் பாக்குறேன். பெருசாகணும்னா எப்பவோ ஆகியிருப்பான்."

பிறகு ஆர்வில். ஸ்கோப்புக்குள் பனிமூட்டம், அதில் பழுப்பாய் இரண்டு கறைகள். நேரம் போனது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"லமாண்டுக்குக் கால் வலிக்குது போல. இடப்பக்கம் சாயறான்."

"அது எல்க்குங்க," என்றாள் நோர்டா.

டெவான் சிரிக்கத் தொடங்கினான். கூடவே சிரித்துவிட்டால் போதும், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆர்வில் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. ஸ்கோப்புக்குள் இரண்டு கறைகளில் ஒன்று கொட்டாவி விட்டிருக்கலாம், காதைச் சொறிந்திருக்கலாம். எது என்று அவருக்குத் தெரியாது. மூன்று இலையுதிர்கால வேட்டைகளிலும் இந்தக் கண்ணோடுதான் லமாண்டின் பழுப்புக் கோட்டுக்குப் பின்னால் நடந்திருக்கிறார். சாலையில் ஒரு லாரி போய், அதன் சத்தமும் அடங்கியது.

"வலது கண்ணுல எனக்குத் தெரியலை," என்றார். "மூணு வருஷமாச்சு."

நோர்டா ஸ்கோப்பை அவர் கையிலிருந்து வாங்கினாள். லமாண்ட் எல்க் தலையைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு வந்தான்.

"பெருசாத் தெரியுதா, இல்லையா?"

"தெரியவே இல்லையாம்," என்றாள் நோர்டா. "மூணு வருஷமா."

லமாண்ட் அதை யோசித்தான்.

"மூணு வருஷமா நான்தானே உனக்கு முன்னாடி போறேன்?"

"ஆமா."

"போன வருஷம் என் தொப்பிக்குப் பக்கத்துல ஒரு கெளை ஒடிஞ்சுதே."

"அது காத்து."

"காத்தா?"

"காத்துன்னுதான் நெனைக்கிறேன்."

நோர்டா தன் உள்ளங்கையால் கணவரின் வலது கண்ணை மூடி, ஸ்கோப்பை இடது கண்ணில் வைத்தாள். லமாண்ட் எல்க்கோடு பழைய இடத்துக்கே போய் நின்றான், முணுமுணுத்துக்கொண்டே. ஆர்வில் பார்த்தார். கோட்டில் மூன்றாவது பொத்தான் இல்லை. மீசையில் ஏதோ ஒட்டியிருந்தது. எல்க்கின் ஒரு காது நைந்திருந்தது. எல்லாம் அதனதன் அளவில் இருந்தன.

"தெரியுது," என்றார். "இடது தோள்ல வச்சுச் சுடப் பழகணும்."

"மூணு வாரம் இருக்கு, பழகுங்க," என்றாள் நோர்டா. "நாளைக்கே கண் டாக்டர். அவர் சொன்னாத்தான் மலை. மாட்டேன்னா சீட்டை நானே தபால்ல திருப்பி அனுப்பிடுவேன்."

ஆர்வில் தலையாட்டினார்.

லமாண்ட் திரும்பி வந்து எல்க் தலையை டெவானிடம் கொடுத்தான்.

"நான் முன்னாடியே போறேன்," என்றான். "வேற ஆள் கிடைக்காது உனக்கு. ஆனா சுடுறதுக்கு முன்னாடி என் பேரைச் சொல்லிக் கூப்பிடு."

"மான் ஓடிடும்."

"ஓடட்டும். பதில் வந்தா சுடாதே."

ஆர்வில் சரி என்றார். டெவான் ஸ்கோப்பின் பெட்டியைத் தேட உள்ளே போனான்.