கேசரிக்குப் பிறகு

தமயந்தியின் சிறுநீரைச் சொட்டுவிட்டுக் காய்ச்சியும், சர்க்கரையைக் காட்டும் நீல மருந்து நீலமாகவே நின்றது. பெண் வீட்டிலிருந்து வாங்கிவந்து, காலையில் வெறும் வயிற்றில் மூன்று தரம் பார்த்தாயிற்று. சர்க்கரை இல்லை. ஆனால் அவள் அம்மாவுக்குத் தினமும் இன்சுலின் ஊசி. நாளைக்கு மகளுக்கும் அந்த நோய் வருமா? அது தெரியாமல் அவளைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க இசக்கிமுத்துவுக்கு மனமில்லை.

மந்தாரக்குப்பம் டாக்டர் கோபாலகிருஷ்ணன் சிரித்தார். "இன்சுலின் உடம்பே சுரக்கிற ஹார்மோன்தான். அது ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு அமெரிக்காவுல அளக்கிறாங்க. அதை வச்சுப் பின்னால நோய் வருமான்னு சொல்ல முடியுமான்னு பாக்கிறாங்க. இங்க அதுக்கு வசதியில்ல. பேசாம கல்யாணத்தை முடிங்க."

இசக்கிமுத்து சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஆபரேட்டர். ஷிப்டில் நிற்கும்போது புத்தியில் தட்டியது. தேய்ந்த பம்பும் கோடையில் சமாளித்துவிடும். பள்ளத்தில் தண்ணீர் ஏறாது. மழை கொட்டினால்தான் அதன் திணறல் தெரியும். இன்சுலினும் பம்புதான். வெறும் வயிறு கோடை; இனிப்பு மழை.

ஞாயிற்றுக்கிழமை மகனோடு பெண் பார்க்கப் போனவர், பைக்குள் கண்ணாடிக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும் நீல மருந்தும் வைத்திருந்தார். பெண்ணின் அப்பா மாடசாமி வீட்டில் கேசரி வந்தது. இவர் தம் தட்டைப் பெண்ணிடமே நீட்டினார்.

"தின்னு தாயி. இன்னொரு தட்டும் வாங்கிக்க."

"அவளுக்கு இம்புட்டு இனிப்பு ஆகாதுண்ணே" என்றாள் தாய், கதவோரம் நின்று.

"ஆகுதா ஆகலியான்னு பாக்கத்தான வந்திருக்கேன்!"

தமயந்தி தலைகுனிந்து விழுங்கினாள். இரண்டு மணி நேரம் இவர் பம்புக் கதை சொன்னார். பிறகு அவளிடம் ஒரு டம்ளரைக் கொடுத்தனுப்பினார். அது திரும்பி வந்ததும் கூடத்து நடுவில் விளக்கேற்றினார்.

"சம்பந்தி, சபையில வேண்டாமே" என்று மாடசாமி கும்பிட்டார்.

"இன்னும் சம்பந்தி ஆகல வே. பொறும்."

குழாய் கொதித்தது. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஆரஞ்சில் வந்து நின்றது. மாப்பிள்ளை எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டான். தாய் தன் வயிற்றில் அறைந்துகொண்டாள். அடுக்களையில் தமயந்தி பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றுபோனது. இசக்கிமுத்து குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பாத்தீரா, எப்படிக் காட்டிக்கொடுக்குது!" என்று மாடசாமியையே அருகில் கூப்பிட்டார்.

நேரே டாக்டரிடம் சைக்கிளை மிதித்தார்.

"அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" என்றார் டாக்டர்.

"அது முடிஞ்சு போச்சு சார். நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற வழியைக் கேளுங்க. வெறும் வயித்துல பாக்கப்பிடாது. இனிப்பை நல்லாத் திங்க வச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாக்கணும்."