ரப்பர் இல்லாத கிராஸ் மெம்பர்

டபுள் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் இல்லை. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் கேட்டால் இரண்டு வைத்துக் கொடுப்பான். இரண்டு போல்ட் போதும் என்கிற இடத்தில் நான்கு போட்டுவிட்டு, அதுவும் பற்றாதென்று சுற்றிலும் வெல்டிங் ஓட்டிவிடுவான். அவன் செய்த நாற்காலியில் உட்காருவதற்கு ஒரு ஆள் போதும், அதை நகர்த்தத்தான் மூன்று பேர் வேண்டும் என்று கேலி செய்வார்கள். ஆனால் பாருங்கள், அவனுக்கு இந்தப் பட்டப்பெயர் வந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் எதைச் செய்தாலும், "போதும், நிக்கும் விடுங்க" என்று கையைத் தட்டிவிட்டுப் போகிற ஆசாமியாகத்தான் இருந்தான். அப்படிச் சொல்லி வைத்ததில் ஒன்று நிற்கவில்லை.

அவனுடைய அக்கா தையல் மெஷின் பழுதுபார்க்கிறவள். வீடு வீடாக, கடை கடையாகப் போய்ச் செய்கிற வேலை. அதற்கென்றே ஒரு பழைய கார் வைத்திருந்தாள். பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கே மெஷின் தலைகளையும் எண்ணெய் டப்பாக்களையும் அடுக்கியிருப்பாள். இருபது வருஷம் அந்தக் காரை அவளைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. ஒருநாள் கிளட்ச் தேய்ந்துபோனதால் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதாயிற்று. தம்பிதான் இறக்கினான். ஜாக்கியின் தலையில் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் கியர்பாக்ஸைத் தாங்கவிட்டான். கயிறு போட்டுக் கட்டவில்லை. கட்டலாமா என்று அக்கா கேட்டதற்கு, "போதும்கா, நிக்கும்" என்றான். அவள் வண்டிக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்து விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். பலகை வழுக்கியது. கியர்பாக்ஸ் அவளுடைய இடது முழங்காலில் விழுந்தது.

எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. முழங்காலுக்குப் பின்னால் ஓடுகிற நரம்பு நசுங்கியதுதான் சரியாகவில்லை. தடியை ஊன்றி நடக்க முடிந்தது. ஆனால் பாதத்தில் உணர்ச்சியே இல்லை. செருப்புப் போட்டிருக்கிறோமா, எங்கேயாவது கழன்று விழுந்துவிட்டதா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் சொல்லுவாள். கிளட்ச்சை மிதிக்கப் பலம் இருந்தது. கால் கிளட்ச்சின் மேல்தான் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. அதையும் குனிந்து பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினால் எதிரே வருகிறவன் கதி என்ன ஆவது?

இத்தனைக்கும் அவள் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டு இரண்டு நாளில் மறந்திருப்பான். அவளோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, உனக்கு எங்கேயும் அடிபடலையே என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அவன் டபுள் ஆனான்.

அதற்குப் பிறகு காரை ஓட்டுகிற பொறுப்பு மாமாவிடம் வந்தது. அக்காவின் புருஷன், பள்ளிக்கூடத்தில் கணக்கெழுதுகிறவர், தங்கமான மனுஷர். ஆனால் வண்டி ஓட்டினால் பின்னாலிருந்து நத்தை ஹாரன் அடிக்கும். காலி ரோட்டில்கூடப் பிரேக்கில் ஒரு காலை வைத்திருப்பார். அக்கா பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு, வாயையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் பள்ளிக்கூடம் முடிந்து வந்த பிறகுதான் வெளியே போகவே முடியும் என்பதால் வேலை பாதியாகக் குறைந்தது. அவள் முகத்திலிருந்த குறும்பும் பாதியாகக் குறைந்தது.

மாதம் ஒருமுறை காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் தம்பிதான் கூட்டிப்போவான். அந்தப் பெண் இரண்டு கிளையுள்ள ஓர் இரும்புக் கவையை மேஜையில் தட்டுவாள். அது ரீங்காரமிடும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதன் அடியைப் பெருவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பாள். மாதா மாதம் அக்கா இல்லை என்பாள். இரண்டு வருஷத்துக்குள் ஏதாவது தெரிந்தால் மேலும் வரும், அதற்குள் வராவிட்டால் பிறகு எதிர்பார்க்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இருபத்திரண்டாவது மாதம் அக்கா கண்ணை மூடியபடி, "லேசா தெரியுதும்மா" என்றாள். தம்பிக்கு உயிர் வந்து உடனே போயிற்று. ஏனென்றால் அந்தப் பெண் சோதித்துப் பார்ப்பதற்காக அந்த முறை கவையைத் தட்டவே இல்லை. அதைச் சும்மாதான் வைத்திருந்தாள்.

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். தனக்காகத்தான் அக்கா பொய் சொல்கிறாள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. தெரிந்ததாக அவன் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அக்கா கலகலவென்று பேசிக்கொண்டு வந்தாள், அவனும் சிரித்துவைத்தான். அன்றைக்கு அவன் ஒரு முடிவுக்கு வந்தான். கால் வராது. சரி, கிளட்ச்சே இல்லாத வண்டியாக இதை மாற்றிவிடலாம்.

பழைய இரும்புக்கடைக்காரரிடம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்று கிடைத்தது. அதே கம்பெனியின் பெரிய வண்டி, அதாவது அக்காவின் காருக்கு அண்ணன் முறை ஆகிற ஒன்றிலிருந்து கழற்றியது. எஞ்சினோடு அது சேர்ந்துகொண்டது. ஆனால் பழைய கியர்பாக்ஸைவிட ஒரு சாண் நீளம். இங்கேதான் சிக்கல். கியர்பாக்ஸின் முன்பக்கத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வால்பக்கத்தைத் தாங்குவதற்குக் காரின் வயிற்றுக்கடியில் குறுக்காக ஒரு சட்டம் இருக்கும், அதைத்தான் கிராஸ் மெம்பர் என்பார்கள். பழைய கிராஸ் மெம்பர் பழைய இடத்திலேயே நின்று காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. புது வாலுக்குப் புதிதாக ஒன்று செய்தாக வேண்டும்.

இந்த முறை கியர்பாக்ஸைத் தாங்க இரண்டு ஜாக்கி, நான்கு ஸ்டாண்டு, அதற்கும் மேல் மூன்று சுற்றுக் கயிறு. எட்டிப் பார்த்த மாமா, வண்டியைக் கைது பண்ணிட்டியா மாப்ளே என்று கேட்டார். அக்காவை மட்டும் பட்டறை வாசலைத் தாண்டி உள்ளே வர அவன் விடவில்லை. முதலில் அட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்து அளவு எடுத்தான். புகைக்குழாய் போகிற இடத்தில் சட்டம் இடிக்கும் என்பதால் அங்கே மட்டும் ஒரு வளைவு கொடுத்தான். தடித்த சதுரக் குழாயை அறுத்து, வளைவுக்குத் துண்டுகளைச் சாய்த்துச் சேர்த்தான். போல்ட்டை முடுக்கினால் குழாய் நசுங்கும் என்று, துளைக்குள் சிறு குழாய்களைச் செருகி வெல்டு வைத்தான். ஒரே பக்கமாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் இழுத்துக் கோணிவிடும் என்பதால், இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை என்று ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்தான். இரண்டு நாள் அதிலேயே போனது. நல்ல வேலை என்று சொல்ல வேண்டியதுதான். மூலைகளில் அவன் வைத்த முட்டுத் தகடுகளைப் பார்த்தால் லாரிக்குச் செய்ததோ என்று தோன்றும், அது வேறு விஷயம்.

தப்பு நடந்தது கடைசியில்தான். கியர்பாக்ஸுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மவுண்டிங் ரப்பர் வைப்பது வழக்கம். அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். இரும்புக்கடைக்காரர் அதையும் கம்பி போட்டுக் கியர்பாக்ஸிலேயே கட்டி அனுப்பியிருந்தார், மறக்காமல் வை என்று இரண்டு தடவை சொல்லியும் இருந்தார். டபுள் அதை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தினான். அது கொஞ்சம் அமுங்கிக்கொடுத்தது. அவ்வளவுதான், அவனுக்கு அந்தப் பலகை ஞாபகம் வந்துவிட்டது. அமுங்குவது ஒருநாள் கிழியும், கிழிந்தால் விழும். சூடு கண்ட பூனைக்கு யார் புத்தி சொல்வது? ரப்பரை ஆணியில் மாட்டிவிட்டு, அதே உயரத்துக்கு ஓர் இரும்புக் கட்டையை அறுத்து வைத்தான். இரண்டு போல்ட்டுக்கு நான்கு போல்ட். இனி பூமி பிளந்தாலும் கியர்பாக்ஸ் விழாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்தாள். காரின் தரைத் தகட்டில் துளை போட்டதற்காக உள்ளே விரிப்பையெல்லாம் எடுத்திருந்தான், வெறும் தகடுதான் இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். எப்போதும் வெறுங்காலோடுதான் ஓட்டுவாள். ஸ்டீரிங்கில் கையை வைத்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, கண்ணாடி அழுக்கா இருக்கே, துடைக்க மாட்டியா என்று திட்டினாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். மாமா வழியனுப்ப வந்தவர்போல் கேட்டருகே நின்று கையை ஆட்டினார்.

வண்டி நகர்ந்தது. முதல் தெரு வரை எல்லாம் நன்றாக இருந்தது. வேகம் ஏறியதும் அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. இன்னும் ஏறியதும் தரை, சீட்டு, கதவு, கண்ணாடி எல்லாம் சேர்ந்து உறுமின. டபுளுக்கு உடனே புரிந்துவிட்டது. ரப்பர் இல்லாததால் எஞ்சினின் நடுக்கமெல்லாம் இரும்பு வழியாக அப்படியே காருக்குள் வருகிறது. அவமானமாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து அவளுக்குக் கொடுத்தது இப்படி ஒரு வண்டியா?

தையல் மெஷினை மடியில் வைத்து ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அக்கா கேலியை ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஓரமாகக் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தாள்.

"டேய், கால் கூசுதுடா."

"எந்தக் கால்?"

"எடது."

அவன் ரோட்டைப் பார்த்தான். சந்தோஷம் வரவில்லை. இந்த இரைச்சலுக்காகத் தன் மனசு கஷ்டப்படக் கூடாதென்று மறுபடியும் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தான். சரிக்கா, பட்டறைக்குத் திருப்பு என்று மட்டும் சொன்னான்.

பட்டறையில் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, இடது காலை ஒரு மரக்கட்டையின் மேல் தூக்கி வைத்தான். கிரைண்டர் சத்தத்துக்காக அவன் மாட்டுகிற காதடைப்பானை அவள் காதில் மாட்டினான். ஒரு துணியால் கண்ணைக் கட்டினான். என்ன கூத்துடா இது என்று அவள் கேட்டதற்கு, இன்னொரு முடிச்சும் போட்டான். டீ வாங்கிக்கொண்டு வந்த மாமா, டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றார்.

கிராஸ் மெம்பருக்கு அறுத்ததில் மிச்சம் விழுந்த குழாய்த் துண்டு ஒன்று முழ நீளத்துக்குக் கிடந்தது. டபுள் அதை இரண்டு விரலால் பிடித்துச் சுத்தியலால் தட்டினான். அது கணீரென்று நடுங்கியது. அதன் முனையை அக்காவின் பெருவிரல் எலும்பில் வைத்து, தெரிகிறதா என்று கேட்கிற மாதிரி அவளுடைய வலது முழங்காலைத் தொட்டான். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் கேட்டான்.

"இருக்கு" என்றாள்.

மறுபடி தட்டி வைத்தான். "இருக்குடா" என்றாள். இதைத்தான் அவனும் எதிர்பார்த்தான். தம்பிக்காக நூறு தடவை கேட்டாலும் நூறு தடவையும் இருக்கு என்பாள்.

மூன்றாவது முறை அவன் தட்டவில்லை. குழாயை உள்ளங்கையால் இறுகப் பிடித்து, அதன் நடுக்கம் செத்துப்போன பிறகு, அதே இடத்தில் அதே அளவுக்கு அழுத்தி வைத்தான். அக்கா நெற்றியைச் சுருக்கினாள். தலையைச் சாய்த்தாள். காலையே கவனிக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. மாமா மூச்சுவிடுவதை நிறுத்திவிட்டார்.

"இல்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இப்ப இல்லடா" என்றாள்.

அவன் தட்டி வைத்தான். "ஆ, இருக்கு." தட்டாமல் வைத்தான். "இல்ல." மறுபடி தட்டாமலே வைத்தான். "இல்லன்னு சொல்றேன்ல." தட்டினான். "வந்திருச்சு."

குழாய் கையிலிருந்து நழுவியது. டபுள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளுடைய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். அழுகையை அடக்கவெல்லாம் இல்லை, பட்டறையே அதிர அழுதான். காதடைப்பான் மாட்டியிருந்த அக்காவுக்கு அது கேட்கவில்லை. கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தவள் பதறிப்போனாள்.

"ஏன்டா அழற? இல்லன்னு சொன்னதுக்கா?"

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மாமாவைப் பார்த்தாள், கீழே கிடந்த குழாயைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். மெல்லக் காதடைப்பானைக் கழற்றினாள். அந்தப் பெண் அன்றைக்குக் கவையைத் தட்டவே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றான். அப்போதே உனக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்றான். அவள் அவன் தலையில் கையை வைத்தாள். முடிக்குள் இருந்த இரும்புத் தூளை விரலால் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். மாமா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, யாருக்கு வாங்கியது என்பது ஞாபகம் வந்து, வேறு வாங்கி வருகிறேன் என்று அவசரமாக வெளியே போய்விட்டார்.

"இனிமே உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்டா" என்றாள் அக்கா. "அதனால இன்னொரு உண்மையும் கேட்டுக்க. வண்டி சத்தம் சகிக்கல. அந்த ரப்பரப் போட்டுக் குடு."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். விழுந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தவன், அதை விழுங்கிவிட்டு வண்டிப்பக்கம் போனான். ஜாக்கியை வைத்தான், ஸ்டாண்டை வைத்தான், கயிற்றையும் கட்டினான். ஆணியில் தொங்கிய ரப்பரை எடுத்துத் துடைத்துவிட்டு வண்டிக்கடியில் படுத்தான். விளக்கு எட்டவில்லை. நான் பிடிக்கிறேன் என்று அக்கா தடியை ஊன்றி வந்தாள். அவன் ஒரு கணம் யோசித்தான், பிறகு விளக்கை அவளிடம் நீட்டினான்.

இரும்புக் கட்டையை எடுத்துவிட்டு ரப்பரை வைத்து இரண்டு போல்ட்டை முடுக்கினான். மூன்றாவது போல்ட்டைக் கையில் எடுத்தவன், போதுமா என்று கேட்பதுபோல் அவளைப் பார்த்தான். அவள் விளக்கை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு, போதும், நிக்கும் என்றாள். அவன் அதை டப்பாவிலேயே போட்டுவிட்டான்.