எந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புவது?

சாப்பாட்டு மேசையின் மேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவெடுத்தவள் அம்மாதான். ஆங்கிலம் வாசிக்கச் சொல்லித்தர இரண்டு பாடத்திட்டங்களை ஒரு மாதம் வைத்துப் பார்க்க வாங்கியிருந்தாள். பிடிக்காததை எடுத்துப்போக இன்று மதியம் ஆள் வருவார்.

ஒன்றில் வண்ணப் படக் கதைகள். மற்றது ஃபோனிக்ஸ்: படமே இல்லாத அட்டைகள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஒலி. ஒலிகளைக் கூட்டினால் சொல். அந்த அட்டையைக் கண்டாலே ஆறு வயது மகளுக்குக் கொட்டாவி வரும். கதைப் புத்தகமோ அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அட்டை இருக்கிற பெட்டிய அனுப்பிடலாங்க," என்றாள் கணவனிடம். "கதையெல்லாம் கடகடன்னு வாசிக்கிறா. உங்க அக்கா வாயடைச்சுப் போகப்போறாங்க."

கணவனின் அக்கா பள்ளி ஆசிரியை. 'பிள்ளைய வீட்டுல வெச்சுப் பாழாக்காதே' என்று பார்க்கும்போதெல்லாம் சொல்பவள். தன்னால் சொல்லித்தர முடியும் என்று அந்த அக்காவுக்குக் காட்ட, மகளின் வாசிப்பைத் தவிர இவளிடம் வேறு சாட்சி இல்லை.

கணவனுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. மகளை மடியில் இழுத்துக்கொண்டான்.

"எங்க, அப்பாவுக்கு வாசி, ராசாத்தி."

ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் படத்தை அவன் கையால் மறைத்தான்.

"கைய எடுப்பா! கரடி தெரியல."

"கரடி எதுக்கு? எழுத்தப் பாத்துப் படி."

"கரடியப் பாத்தாத்தானே எழுத்து வரும்!"

அப்போது மேசைக்கு அடியில் கார் ஓட்டிக்கொண்டிருந்த நாலு வயது மகன், தலையைக்கூட நிமிர்த்தாமல் அந்தப் பக்கம் முழுவதையும் ஒப்பித்தான். அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். மனைவிக்கோ முகம் விழுந்துவிட்டது.

"அப்போ ஒரு மாசமா நான் என்னதான் சொல்லிக்கொடுத்தேன்?"

"ஏய், கடையில இது தினம் நடக்குது. முன்னாடி போறவர் எழுத்துச் சார்ட்டை வாசிக்கிறதக் கேட்டே பின்னாடி உக்காந்திருக்கிறவர் மனப்பாடம் பண்ணிடுவார். அதனாலதான் எங்கிட்ட ரெண்டு சார்ட். நீ அவ்வளவு அழகா வாசிச்சுக் காட்டியிருக்கே. எனக்கே ரெண்டு கதை வரும், சொல்லட்டுமா?"

"ஒண்ணும் வேணாம்." உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. "அக்காகிட்ட போட்டுக் கொடுத்துடுவீங்களா?"

"எனக்கு ராத்திரிச் சாப்பாடு வேணாமா?"

அழைப்பு மணி அடித்தது. அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கதைப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

"அழாதடீ. கதை பூராவும் உங்க ரெண்டு பேர் வாயிலயும்தான் இருக்கு. எங்க போயிடும்?"

மாலையில் S, U, N என்ற மூன்று அட்டைகளை மகளின் முன் வைத்தாள். கொட்டாவி வந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஒலி வந்தது. "ஸ்... அ... ன்..." மறுபடியும் முதலிலிருந்து. சொல்லிவிடத் துடித்த வாயைப் பொத்திக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

"சன்!"

மகள் அட்டைகளையும் அம்மாவையும் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"இத நீ எனக்கு வாசிச்சே காட்டலையேம்மா?"

"இல்லையே," என்றாள் அவள்.