முப்பத்திரண்டாவது அறை

அந்த வீட்டின் கடைசி அறையிலிருந்து தெருக்கதவுக்கு, பால் வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு நிமிடம். ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு நான்கு நாள். பின்பக்கம் பாறை, இரு பக்கமும் அடுத்தவர் சுவர் என்பதால் புது அறை எதுவானாலும் வாசல் பக்கம்தான் கட்ட முடிந்தது. வீட்டை விட்டுப் போகிறேன் என்று யார் சொன்னாலும், அவருக்கென்று ஓர் அறை கட்டிக் கொடுத்துவிடுவது குடும்ப வழக்கம். எண்பது வருடங்களில் முப்பத்தொரு அறைகள் ஆயின. ஒவ்வொரு முறையும் தெரு பன்னிரண்டு அடி தள்ளி நின்றுகொண்டது. நகராட்சி அதைக் கண்டுகொள்ளவில்லை.

வீட்டைத் தொடங்கிய கொள்ளுத்தாத்தா கட்டட மேஸ்திரி. கோணல் சுவர் அவருக்கு ஆகாது. அந்த வீட்டுக் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே ஒற்றைக் கண்ணை மூடிச் சுவர் பார்க்கவும் பழகின. இந்தத் தலைமுறையின் இளைய மகள் கட்டட வரைபடம் போடப் படித்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வெளியூரில் வேலை, வெள்ளிக்கிழமை சேர வேண்டும் என்று அவளுக்குக் கடிதம் வந்தபோது அப்பா கோபப்படவில்லை. கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார்.

"காத்தோட்டமா ஒரு ரூம் போட்டுடறேம்மா. அப்புறம் எங்க வேணா போ."

அறை முடிந்தால் நடை இன்னும் ஒரு நாள் கூடும்; வேலை கைவிட்டுப் போகும். அவள் திங்கட்கிழமை காலையே பெட்டியோடு கிளம்பினாள். கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு செவ்வாயோடு தீர்ந்தது. பிறகு அக்காதான் பால் வாங்கப் போகிற வழியில் கொடுத்தாள்.

"இன்னும் இங்கதான் நிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று கடந்து போனாள்.

புதன்கிழமை, பத்தொன்பது வருடங்களுக்கு முன் கப்பல் வேலைக்குக் கிளம்பிய சித்தப்பாவைப் பதினெட்டாம் அறையில் பார்த்தாள். சவரம் செய்துகொண்டிருந்தார். ஒருமுறை பால் தூக்கோடு நடந்து வீட்டை ஏமாற்றப் பார்த்தவர் அவர். தூக்குக்குள் சவரக்கத்தி இருந்தது வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

"நீயும் கிளம்பிட்டியா? சரி, போறதுக்கு முன்னாடி இந்தக் கண்ணாடி சாஞ்சிருக்கான்னு பாரு."

சாய்ந்திருந்தது. நேராக்கிவிட்டு நடந்தாள்.

வியாழன் மதியம் புது அறைக்கு வந்து சேர்ந்தாள். சுவர்கள் எழும்பியிருந்தன, கதவு மட்டும் பொருத்தவில்லை. இடைவெளியில் தெரு தெரிந்தது. தையல் கடை வாசலில் ஒரு பெண் துணியை உதறினாள். பேருந்து வந்து நின்றது. இரண்டு எட்டு வைத்தால் வெளியே. அப்போது இடப்பக்கச் சுவர் கண்ணில் பட்டது.

"அண்ணே, இது வெளிய சாயுது" என்றாள் கொத்தனாரிடம்.

"பூச்சுல மறைஞ்சிடும்மா. நீ பஸ்ஸப் பிடி."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். தூக்குக்குண்டை வாங்கிக் கயிற்றைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். உச்சியில் அரை அங்குலம். ஐந்து வரிசைக் கல்லைப் பிரிக்கச் சொல்லி, மீண்டும் அடுக்கி முடியும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொத்தனார் கைவேகக்காரர். கையோடு கதவையும் மாட்டி, சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். அவள் நின்ற இடத்திலிருந்து கதவுக்கு இப்போது ஒரு நாள் நடை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா பால் தூக்கோடு வந்து நின்றாள். ஒற்றைக் கண்ணை மூடிச் சுவரைப் பார்த்தாள்.

"நேரா இருக்கு."

"ம். நேராதான் இருக்கு" என்றாள் இளையவள். பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைத்தாள். காலிப் பெட்டியைச் சுவரோரம் தள்ளி, அதற்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.